வியாபாரிகள் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும், கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழையால் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராகப் போன வருடத் தீர்மானத்துக்கு வந்துவிடுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் வெளியூர் வாடிக்கையாளர்கள் போன் போட்டு, “கடை இருக்கா, ஆத்தோட போச்சா?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நம் நம்பரை வைத்திருந்தவர்கள். மற்றவர்கள் கேட்காமலே வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இணையம் வழியாக வாடிக்கையாளர்களைக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். “கூகுள்ல போட்டா எவம்வே பானை வாங்க வருவான்?” என்று அன்றைக்குப் பின்வரிசையில் இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டார். இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். காருகுறிச்சி மண்பாண்டங்களுக்காகச் சங்கத் துட்டில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டேன். கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடும் வசதி அதில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் தமிழ்நாடு முழுக்க என்று அமுக்கிவிட்டேன். லைக் குவிந்தது. கோயம்புத்தூரில் இருந்து மூன்று குழம்புச் சட்டி கேட்டார்கள், அனுப்பினோம், இரண்டு உடைந்துபோய்ச் சேர்ந்தது. முழுசாகப் போன ஒன்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பார்சலில் போகாத சரக்குக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான் வாடிக்கையாளர் என்பது எனக்குத் தெரியாததா? செல்போனைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டேன்.

அப்புறம் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் கடையைக் காட்டும் பதிவு. 2021 வரை இதற்கு ‘கூகுள் மை பிசினஸ்’ என்று பெயர். காசு கிடையாது. தெருவையும் பெயர்ப் பலகையையும் கடையின் உள்ளேயும் வீடியோ எடுத்து, நாமே பூட்டைத் திறந்து காட்டி, நம் கடைதான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். எளிதான வேலை என்று நினைத்தோம். பல கடைகள் ஏற்கெனவே வேறு யாரோ பதிந்தபடி வரைபடத்தில் கிடந்தன. ஒரு கடை இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தது. ஒரு மளிகைக் கடையின் குறி கன்னடியன் கால்வாய்க்குள் நின்றது. “தெருவுல தேடிட்டு இருக்கேன், தண்ணிக்குள்ள வரச் சொல்லுது” என்று பால் வண்டிக்காரர் போன் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

‘காருகுறிச்சி’ என்று தேடினால் நாதஸ்வர மேதை அருணாசலம் அவர்கள்தான் முதலில் வருகிறார். அவரைத் தாண்டி முன்னால் போக நமக்கு ஆசையும் இல்லை, தகுதியும் இல்லை. அதனால் வெறும் ஊர்ப் பெயரோடு நிற்காமல் ‘மண்பானை’, ‘தோசைக்கல்’ என்று சரக்கின் பெயரையும் விவரத்தில் எழுதினோம். பத்தமடைப் பாய்க் கடைகளுக்குச் சிக்கல் வேறு. ஆங்கில எழுத்தில் ‘பட்டமடை’ என்று படிக்கும்படியும் எழுதுகிறார்கள், ‘பத்தமடை’ என்று படிக்கும்படியும் எழுதுகிறார்கள். இரண்டையும் போட்டு வைத்தோம்.

இந்த வருடம் உண்மையில் பலன் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பாய்க்கடை அக்கா ஒருவர், போனில் யார் என்ன கேட்டாலும் அதில் குறித்து வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஐந்தாறு கேள்விகள்தான். பொண்ணு மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்வீர்களா, முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், தண்ணீர் பட்டால் என்ன செய்வது, ஒரே அளவுப் பாயில் ஏன் இத்தனை விலை வித்தியாசம். கடைசிக் கேள்விக்குத்தான் போனில் பதில் சொல்லி மாளாது. அதற்கு மட்டும் ஒரு வீடியோ எடுத்தோம். கோரையைக் கீறுவது, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது, சாதாரணப் பாய் தறியில் ஏறுவது, பக்கத்திலேயே நூறு முதல் நூற்றிநாற்பது கவுண்ட் வரை (நெசவின் நுண்மைக் கணக்கு) போகும் பட்டுப் பாய்க்குக் கோரையை மெல்லிசாக்குவது. பேச்சு குறைவு, கை வேலைதான் அதிகம். ‘வாங்குங்கள்’ என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை என்று அக்கா சொல்கிறார். தேதியைத்தான் கேட்கிறார்களாம்.

பயிற்சிக்கு வந்த தம்பி இப்படி விவரத்தைக் கொடுத்து வாடிக்கையாளரைத் தானாக வரவைப்பதற்கு ‘இன்பவுண்ட் மார்க்கெட்டிங்’ என்று பெயர் சொன்னார். 2006-இல் தொடங்கிய ஹப்ஸ்பாட் என்ற அமெரிக்கக் கம்பெனி பிரபலப்படுத்திய சொல்லாம். இருக்கட்டும். நம் அல்வாக் கடைகளில் ஒரு துண்டைச் சூடாகக் கையில் வைத்துவிட்டு அப்புறம்தான் “எவ்வளவு கட்ட?” என்று கேட்பார்கள். அந்தத் துண்டுதான் அக்காவின் வீடியோ.

வாட்ஸ்அப்பில் சிலர் காலை வணக்கப் படம் அனுப்பியே நம்பரைக் கெடுத்துக்கொண்டார்கள். பெறுகிறவர்கள் புகார் செய்தால் கணக்கையே முடக்குவார்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ செய்தி, நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஆகவே பில் போடும்போதே “நம்பரைப் பதிஞ்சுக்கோங்க, புதுச் சரக்கு வந்தா சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒருவர் அனுமதி இல்லாமல் அவர் நம்பரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது.

கூகுளில் கடைக்கு மதிப்புரையோடு போடும் நட்சத்திரத்தை விற்க ஒருவர் சங்கத்துக்கே வந்தார். ஐம்பது பேர் ஐந்து நட்சத்திரம் போடுவார்களாம். செயற்குழு மறுத்துவிட்டது. அது கூகுள் விதிக்கு விரோதம். தள்ளுபடி தருகிறேன், நல்லதாக எழுது என்பதும் விரோதம்தான், இது பலருக்குத் தெரியவில்லை. அப்பளம் நமத்துப்போயிருந்தது என்று எழுதியவருக்கு “நீங்கதான் டப்பாவை மூடலை” என்று பதில் போட்ட உறுப்பினர் யாரென்று சொல்லமாட்டேன். இப்போது திருத்திவிட்டார்.

வருத்தமான செய்தியும் உண்டு. ஓர் உறுப்பினருக்கு வெப்சைட் செய்து கொடுத்த கம்பெனி, முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டது. மறு வருடம் கட்டணத்தை மூன்று மடங்காகக் கேட்டது. அவர் விட்டுவிட்டார், முகவரியும் போயிற்று. இன்னொருவர் கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டை நம்பியிருந்தார், 2024 மார்ச்சில் அந்தச் சேவையே நின்றது. அதே வருடம் ஜூலை 31-இல் புரொஃபைலில் இருந்த சாட் வசதியும் போனது. வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் தனியாக ஒரு நோட்டில் இருக்கட்டும் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

ஆனித் தேரோட்ட நாட்களில் கடை நேரம் மாறுகிறவர்கள் அதை முன்கூட்டியே புரொஃபைலில் மாற்றுங்கள். கடை திறந்திருக்கிறது என்று போட்டிருப்பதை நம்பி வந்து பூட்டைப் பார்த்துப் போனவர் மறுபடி வரமாட்டார்.

பின்வரிசை அண்ணாச்சிக்கு: ஃபேஸ்புக் விளம்பர வட்டத்தை இருபத்தைந்து கிலோமீட்டராகச் சுருக்கிய பிறகு, அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு சமையல்காரர் வந்து கல்யாணத்துக்குப் பானை வாங்கிப் போனார். வண்டியில் வைக்கோல் போட்டு அவரே ஏற்றிக்கொண்டார்.

பயிற்சிக்கு இடம் கொடுத்த கல்யாண மண்டபத்தாருக்கும், வீடியோ எடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பாருங்கள். வரைபடத்தில் கடை தப்பான இடத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். போனில் சார்ஜ் இருக்கட்டும், மண்டபத்தில் இருப்பது இரண்டே பிளக்.

இப்படிக்கு,
செயலாளர்