கீர்த்தனைப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் சபைக் கொயருக்கான நாலு பார்ட் (சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நாலு குரல்) கீர்த்தனைப் புத்தகம் போன வாரம் அச்சகத்துக்குப் போய்விட்டது. முன்னுரையில் நன்றிக்கு நாலு வரிதான் இடம் கிடைத்தது, அதில் பேர் பட்டியல் போடுவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. யார் என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் நன்றி மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல். பேர் போடவில்லை, படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நாங்கள் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) எழுதப் பயன்படுத்தியது லிலிபாண்ட் என்ற கணினி மென்பொருள். இதில் மவுஸால் நோட்டை இழுத்து வைக்கும் வேலையே கிடையாது. நோட்டின் பெயரை எழுத்தாகவும் அதன் நீளத்தை எண்ணாகவும் (கால் நோட்டுக்கு 4, அரை நோட்டுக்கு 2) தட்டச்சு செய்து கொடுத்தால் அது கோடு, குச்சி, ஸ்லர் (நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடு), வார்த்தை எல்லாவற்றையும் தானே அடுக்கி பிடிஎஃப் ஆக்கித் தரும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹைஸ், யான் நியூவென்ஹைசன் இருவரும் 1996இல் தொடங்கிய வேலை இது, இன்றுவரை இலவசம். அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சடித்த இசைத் தாள்களின் அழகு கணினியிலும் வரவேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவர்கள். இந்த மடல் அவர்கள் கண்ணில் படப்போவதில்லை, இருந்தாலும் முதல் நன்றி அவர்களுக்கே.

அப்புறம் எங்கள் ஆர்கனிஸ்ட் ஐயா. அவரிடம் இருந்த பழைய நோட்டுகள் இல்லாமல் இந்தப் புத்தகமே கிடையாது. பல கீர்த்தனைகளின் ஆல்டோவும் பேஸும் அவர் கைப்பட எழுதிய டானிக் சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்பதை எழுத்தால் குறிக்கும் முறை) மட்டும்தான் இருந்தன. அதை ஸ்டாஃபுக்கு மாற்ற உட்கார்ந்தபோது ஒவ்வொரு பாட்டையும் ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் நோட்டு தேய்ந்து படிக்க முடியாமல் போயிருக்கிறதோ அங்கே பாடியும் காட்டினார். கமகங்களை என்ன செய்வது என்று நாங்கள் குழம்பியபோது அவர் சொன்ன முடிவு எனக்கு இப்போதும் சரியென்றே படுகிறது: எல்லாக் குழைவையும் குட்டி குட்டி கிரேஸ் நோட்டாக எழுதினால் தாள் கறுத்துப்போகும், பாடுகிறவன் பயந்துபோவான், ஒரு ஸ்லர் போட்டு விட்டுவிடுங்கள், மீதியைக் கேட்டுப் பாடட்டும்.

ஒரு பாட்டில் பேஸ் வரி முழுக்க எஃப் நோட்டுக்கு முன்னால் நேச்சுரல் குறி (ஷார்ப் வேண்டாம் என்கிற குறி) வந்து நின்றதைப் பிடித்தவரும் அவர்தான். லிலிபாண்டில் ஜி மேஜர் என்று மேலே கீ கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. எஃப் ஷார்ப் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் 'ஃபிஸ்' என்றே எழுத வேண்டும், வெறும் எஃப் என்று எழுதினால் அது வெறும் எஃப்தான், நேச்சுரல் குறியைப் போட்டுவிடும். தட்டச்சு செய்து தந்த பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை உட்கார வைத்துச் சொன்னதும் அந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து அடித்துத் தந்த அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

இப்போது பெரிய நன்றி. இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவர், எங்கள் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை, ஒரு நண்பர் வழியாக அறிமுகமானவர். வார்த்தைகள் நழுவுகிற பிரச்சினையில் நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றபோது வந்தார். ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியில் ஆல்டோ ஒரே ஒரு பாருக்கு (தாளக் கணக்கில் ஒரு கட்டம்) சொப்ரானோவை விட்டு வேறு தாளத்தில் போகும். எங்களுக்கு வந்து சேர்ந்த பழைய கோப்பில் அந்த இடத்தை ஆங்கிள் அடைப்புக்குறியும் நடுவில் இரண்டு பின்சாய்வுக் கோடும் போட்டு இரண்டு குரலாகப் பிரித்திருந்தார்கள். தாளில் பார்த்தால் நோட்டெல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அந்த பாருக்குக் கீழே வார்த்தையே இருக்காது, அங்கே வரவேண்டிய அசை அடுத்த பாருக்குத் தள்ளிப்போய், அதிலிருந்து பாட்டு முடிகிறவரை எல்லாமே இடம் மாறி நிற்கும்.

தம்பி கோப்பைத் திருத்தித் தரவில்லை. "அண்ணே, மற்றதெல்லாம் வெட்டிவிட்டு இரண்டே பார் மட்டும் வைத்து அனுப்புங்கள், கோளாறு அதிலும் வருகிறதா பாருங்கள்" என்றார். வெட்டினோம், வந்தது. அந்தச் சின்னக் கோப்பை வைத்துக்கொண்டுதான் விளக்கினார்: அந்த இரண்டு கோடுகளைப் போட்டதும் லிலிபாண்ட் அந்த இடத்துக்கென்று புதிதாக இரண்டு குரல்களை உருவாக்குகிறது. வார்த்தைகளோ 'சொப்ரானோ' என்று நாம் பெயர் வைத்த குரலைத் தொடர்ந்து போகின்றன, அந்தக் குரலுக்கு அந்த பாரில் நோட்டே இல்லை, அதனால் வார்த்தை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சொப்ரானோ தன் பெயரோடு தொடரட்டும், அதற்கு 'வாய்ஸ் ஒன்' என்று மட்டும் கொடுத்து, ஆல்டோவை 'வாய்ஸ் டூ' என்று தனிக் குரலாகப் பக்கத்தில் திறந்தால் போதும் என்றார். அவ்வளவுதான், வார்த்தை அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் பரீட்சை நேரத்தில் ராத்திரி போனை எடுத்துப் பொறுமையாகப் பேசினாரே, அதை நான் மறக்க மாட்டேன்.

ஆக்டேவ் (ஸ்தாயி) ஓடிப்போகிற பிரச்சினைக்கும் அவர் சொன்னதுதான் மருந்து. ரிலேட்டிவ் முறையில் ஒவ்வொரு நோட்டும் முந்தின நோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும், எங்கேயோ ஒரு காற்புள்ளி (ஒரு ஆக்டேவ் கீழே இறக்கும் குறி) விட்டுப்போனால் அதற்குப் பின் டெனர் முழுக்க ஒரு ஆக்டேவ் மேலே ஏறிவிடும். பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றையும் தனித் தனி மாறியாக (பெயர் வைத்த பகுதியாக), தனித் தனி ரிலேட்டிவோடு எழுதச் சொன்னார். ஓட்டம் வந்தாலும் அந்தப் பகுதியோடு நின்றுவிடும். மாறிக்குத் தமிழிலேயே 'பல்லவி' என்று பெயர் வைக்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எண்தான் ஆகாது, 'சரணம்1' என்றால் ஏற்காது, 'சரணம்ஒன்று' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பார் முடிவிலும் ஒரு நேர்க்கோடு போடுகிற பழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார். கணக்கு உதைத்தால் எந்த வரியில் பார் செக் தவறியது என்று லிலிபாண்டே சொல்லிவிடும். எச்சரிக்கைகள் நிறைய வந்தால் முதலாவதைச் சரி செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பாதி தானாகப் போய்விடும் என்பார். உண்மைதான்.

டிடிபி வேலை செய்கிற அக்காவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தனி. பாட்டு வரிகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருந்தன. யூனிகோடு இல்லாததால் லிலிபாண்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அக்கா எல்லாவற்றையும் மாற்றித் தந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'ர' வரவேண்டிய இடத்தில் துணைக்கால் அடித்திருந்த இடங்கள் ஏராளம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அசை பிரித்து எழுதும்போது அந்தத் துணைக்கால் அசையின் முதலில் வந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். எல்லா இடத்தையும் தேடிப் பிடித்தார். எல்லாருடைய கணினியிலும் ஒரே மாதிரி வரவேண்டுமென்று நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கோப்பிலேயே பெயர் சொல்லிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். அதுவரை ஒருவர் கணினியில் நாலு பக்கத்தில் அடங்கின பாட்டு இன்னொருவர் கணினியில் ஐந்து பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நம் எழுத்துகள் அகலமானவை, 'ஞா', 'னை' எல்லாம் ஒரு எட்டில் ஒன்று நோட்டுக்குக் கீழே வந்தால் பார் முழுக்க இழுபடும். வார்த்தை அளவை ஒரு படி குறைத்து, ஸ்டாஃப் அளவை 20இலிருந்து 18 ஆக்கியதில் சரியானது. 'பாடு அவர்' என்பதைப் 'பாடவர்' என்று ஒரே நோட்டில் சேர்த்துப் பாடுகிற இடங்களில் நடுவே ஒரு அலைக்கோடு போட்டால் கீழே சின்ன வளைவோடு அழகாக வருகிறது.

சரணங்களுக்கு வருகிறேன். முதல் சரணத்தில் இரண்டு நோட்டுக்கு ஒரே அசை, மூன்றாம் சரணத்தில் அதே இடத்தில் இரண்டு அசை. இது எந்தக் கீர்த்தனையிலும் நடக்கிறதுதான். இதைப் பாடிப் பாடிக் கண்டுபிடித்தவர் ஆல்டோ வரிசையின் மூத்த அக்கா. எந்தச் சரணத்தில் எந்த அசை என்று பென்சிலில் குறித்துக் கொடுத்தார். நாங்கள் அந்த இடங்களில் ஸ்லரைக் கீறுகோடாக்கி, அந்தச் சரணத்துக்கு மட்டும் மெலிஸ்மாவை (ஒரே அசையைப் பல நோட்டுக்கு இழுப்பதை) கணக்கில் எடுக்காதே என்று சொல்லி, முடிந்ததும் மறக்காமல் திருப்பி எடுத்தோம். இந்தக் கட்டளைக்கு 'ஒன்ஸ்' (ஒருமுறை மட்டும்) வேலை செய்யாது, இதை எழுதுகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிலிபாண்ட் கோப்புகளை எழுத உதவும் ஃப்ரெஸ்கோபால்டி மென்பொருளை உருவாக்கியவர்களுக்கும் நன்றி. பிடிஎஃபில் ஒரு நோட்டைத் தொட்டால் கோப்பில் அதே எழுத்துக்குக் கொண்டுபோகிறது, அது இல்லையென்றால் பிழை திருத்தமே நடந்திருக்காது. ஒவ்வொரு பார்ட்டையும் மிடி (கணினி வாசிக்கிற இசைக்கோப்பு) ஆக்கி, அதை ஆடியோவாக மாற்றி வாட்ஸாப்பில் அனுப்பிய தங்கைக்கு பேஸ் வரிசை முழுவதும் சேர்ந்து நன்றி சொல்லச் சொன்னார்கள். நோட்டு வாசிக்கத் தெரியாதவர்களும் பஸ்ஸில் வரும்போதே கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். திருப்பிப் பாடுகிற இடங்கள் ஆடியோவில் வரவேண்டுமென்றால் 'அன்ஃபோல்டு ரிபீட்ஸ்' கொடுத்துத் தனி ஸ்கோர் பிளாக்காக எழுத வேண்டும் என்று அவர் தேடிக் கண்டுபிடித்ததும் பெரிய உதவி.

கோப்புகள் வேறு எந்த சபையின் கொயருக்கு வேண்டுமென்றாலும் கேளுங்கள், தருகிறோம். எல்லாம் 2.24 பதிப்பில் எழுதியவை. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதியதைப் போட்டுக்கொண்டு திறந்தால் நல்லது, ஏனென்றால் பல்லவிக்குத் திரும்புகிற இடங்களில் அந்தப் பதிப்பில்தான் வந்த 'ரிபீட் செக்னோ'வைப் பயன்படுத்தியிருக்கிறோம். அடுத்து பாமாலை மெட்டுகளைத் தொடங்குகிறோம். டெனரும் பேஸும் ஒரே ஸ்டாஃபில் மோதுகிற இடங்கள் அதில் அதிகம், சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் யாராவது கூட உட்கார முடிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
டெனர் வரிசையிலிருந்து