கடைசித் துண்டை அவனிடம் விடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு மாறிய அலுப்பு தீர்ந்ததா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? என் பக்கம் பெரிய சேதி ஒன்றுமில்லை. கண்ணாடிக்குப் பவர் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

மகனை ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்கும் சிகிச்சைக்கு, அழைத்துப் போவதாக எழுதியிருந்தாய். "போனால் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் பசில்தான் கொடுக்கிறார்கள், அதை வீட்டிலேயே விளையாட மாட்டானா?" என்றும் கேட்டிருந்தாய். சிரித்துவிட்டேன். நானும் அதே தெரபிஸ்ட் வேலைக்காரிதானே, 15 வருடமாகப் பெற்றோர் வாயிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடிகிறது.

அடுத்த முறை போகும்போது படத்தை விடு, துண்டுகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று பார். வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வேண்டுமென்றே இடப்பக்கம் பரப்பியிருப்பார்கள். அவன் கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் எடுக்கவேண்டும். பல பிள்ளைகளுக்கு அதுதான் வராது. இடது கையால் எடுத்து வலது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். சில நாள் பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவோம். அப்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் வளையும், தோளுக்கும் வேலை இருக்கும். பென்சில் பிடிக்க அந்த மணிக்கட்டுதான் வேண்டும். குமிழ் வைத்த துண்டுகள் விரல் நுனிக்காக. சட்டைப் பொத்தான் போடப்போவதும் அதே விரல்கள்தானே.

இந்த ஜிக்சா பசில் பிறந்ததே பாடம் சொல்லத்தான், தெரியுமா? 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்றார். பிள்ளைகள் பூகோளம் படிக்க.

உன் மகன் பாதியிலேயே தள்ளிவிட்டு ஓடுகிறான் என்றாயே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. 12 துண்டுப் படம் என்றால் 11ஐ நீயே வைத்துவிடு. கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் கொடு. முடித்த சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிடும். அப்புறம் இரண்டு, மூன்று என்று மெல்ல மெல்லக் கூட்டு.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி தடுமாறும்போதெல்லாம் சரியான இடத்தை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தேன். சில வாரத்தில் அவள் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். துண்டைக் கையில் எடுத்ததும் நேராக என் முகத்தைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன். மிஞ்சிப்போனால் "திருப்பிப் பார்" என்று ஒரு வார்த்தை. அந்த அரை நிமிடம் சும்மா இருப்பது, நம்பு, எனக்குப் பெரிய அவஸ்தை. உன்னைப் போல அவசரக்காரிக்கு எப்படியோ!

டேப்லெட்டில் வரும் பசில் போதாதா என்று அடுத்து கேட்பாய். வடிவம் பார்த்துப் பொருத்தும் பழக்கம் அதிலும் வரும். ஆனால் அங்கே கிட்டே கொண்டுபோனாலே துண்டு ஒட்டிக்கொள்கிறது. விளிம்பு தட்டுப்படுவதில்லை, அழுத்தவும் வேண்டியதில்லை. விரலுக்கு என்ன வேலை?

வீட்டில் எத்தனை துண்டு, எந்தப் பக்கம் வைப்பது என்று அவனுடைய தெரபிஸ்ட்டிடமே கேள். அவர் தினமும் பார்க்கிறவர். நான் கடிதத்தில் பார்ப்பவள். என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி