வியாழக்கிழமை வரைக்கும், அண்ணே

அன்புள்ள அண்ணே,

நேற்று மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் நீங்கள் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தீர்கள். வியாழக்கிழமை சதைப் பரிசோதனை ரிசல்ட் கேட்கப் போவதற்கான அப்பாய்ண்ட்மெண்ட் அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்ப்பதும், திரும்ப மடித்து வைப்பதுமாக இருந்தீர்கள். நான் கவனித்தவரை மூன்று தடவை. பக்கத்தில் வந்து பேசலாம் என்று எழுந்தேன், அதற்குள் அண்ணி வந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள், உங்கள் பெயர் எங்கும் இல்லை. நம் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய அண்ணன்மார் எத்தனையோ பேர். அவர்களிலும் இப்படி ஓர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

மலத்தில் ரத்தம் போகிறது என்று குடலுக்குள் குழாய் விட்டு ஸ்கோப் செய்த அன்று உங்களை ஈப்போவுக்குக் காரில் கூட்டிப்போனவள் நான். "மூலம்தான், சும்மா பார்க்கச் சொல்லியிருக்காங்க" என்று நீங்கள் அண்ணியிடம் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவளும் நான். அந்தப் பொய்யில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. அன்றிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் கேட்டீர்கள்: "சதையை எடுத்தாச்சு, அன்னிக்கே பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே? எதையோ மறைக்கிறாங்க." கார் ஓட்டிக்கொண்டே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எடுத்த துண்டு அரிசிமணி அளவுகூட இருக்காது. அதை முதலில் ஃபார்மலினில் ஊற வைப்பார்கள். அப்புறம் அதிலிருக்கும் நீரையெல்லாம் எடுத்துவிட்டு மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு கருவியில் வைத்துச் சீவ வேண்டும். நீங்கள் உளி பிடித்த காலத்தில் பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வழிப்பீர்கள். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், கங்காணி விடமாட்டார். இவர்கள் சீவுவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு. அதைக் கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, அதற்கென்றே படித்த மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சந்தேகம் வந்தால் வேறு சாயம் போட்டு இன்னொரு முறை பார்ப்பார். ஈப்போவைச் சுற்றியுள்ள எத்தனையோ ஊர்களிலிருந்து வரும் துண்டுகள் வரிசையில் காத்திருக்கும். நாள் ஆவதற்கு இதுதான் காரணம். தாமதமானால் கெட்ட செய்தி என்று அர்த்தமே இல்லை, அண்ணே. விடியற்காலையில் கோடு போட்டுவிட்டால் மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கும் வரை யாரும் மரத்தை அவசரப்படுத்த முடியாது. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றும் இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம் மூலத்தாலும் வரும், குடல் புண்ணாலும் வரும், சாதாரணச் சதை வளர்ச்சியாலும் வரும், புற்றாலும் வரும். எது என்று அந்தக் கண்ணாடித் துண்டுதான் சொல்லும். ஒருவேளை புற்றாகவே இருந்தாலும், நம் அப்பா காலத்தில் "வயித்துல கட்டி" என்று சொல்லி தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த மிக்சரோடு விட்ட நிலைமை இன்று இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் ஆப்பரேஷனில் குணமாகிறார்கள். நம் மலேசியாவில் 2012 முதல் 2016 வரை எடுத்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களுக்கு வந்த புற்றுகளில் பெருங்குடல், மலக்குடல் புற்றுதான் முதலிடத்தில் இருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை, வெட்கப்பட வேண்டிய சங்கதியும் இல்லை. வெளிக்குப் போவதைப் பற்றிப் பேச நம் ஆண்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் நீங்கள் எட்டு மாதம் "மூலம், மூலம்" என்று தள்ளிப்போட்டீர்கள்.

என் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். 2018இல் அரசாங்கக் கிளினிக்கில், 50 வயது ஆகிவிட்டதே என்று மலத்தில் ரத்தம் பார்க்கும் அந்தச் சின்னக் குழாயைக் கொடுத்தார்கள். பாசிட்டிவ். ஸ்கோப்பில் ஒரு சதையை எடுத்து அனுப்பினார்கள். பதினாறு நாள் காத்திருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஆனால் சொல்லாத பயம் உள்ளேயே கிடக்காது, வேறு வழியில் வெளியே வரும். சம்பல் அடிப்பிடித்தது. கணக்கு நோட்டில் ஒரு வரியைத் தப்பாக எழுதியதற்கு மகளை அப்படித் திட்டினேன். அவள் அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள். அன்று சாயந்திரம் அவளோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவள் நிமிரவில்லை. தலையைக் கிள்ளுவதும் தட்டில் போடுவதுமாகவே இருந்தாள். ஐந்தாறு மீன் போன பிறகு, "என்னிக்கு ரிசல்ட்? நானும் வரேன்மா" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன். பயம் போகவில்லை. ஆனால் அதை இரண்டு பேர் சுமந்தோம்.

எனக்கு வந்தது பின்னால் புற்றாக மாறக்கூடிய சதை, மாறவில்லை. சொன்ன தேதிகளில் இன்றும் போய் ஸ்கோப் பார்த்துக்கொள்கிறேன். என் முடிவு உங்கள் முடிவுக்கு உத்தரவாதம் இல்லை. அதற்காக இதைச் சொல்லவில்லை. அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்பதற்காகத்தான். மீன் கழுவும்போதோ துணி மடிக்கும்போதோ கைவேலையோடு சொன்னால் சுலபமாக இருக்கும். அண்ணி அழுவார். அழட்டும், பரவாயில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனை எடுத்துத் தேடாதீர்கள். அந்த நேரத்தில் எதைப் படித்தாலும் நமக்கென்றே எழுதியது போலத் தெரியும். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு, எப்படியும் சீக்கிரம் விழிக்கும். எழுந்து கோப்பி போட்டுக் குடியுங்கள். மனதில் ஓடும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். என்ன வகை, பரவியிருக்கிறதா, சிடி ஸ்கேன் எப்போது, ஆப்பரேஷன் வேண்டுமா, மலம் சேர வயிற்றில் பை வைப்பார்களா. அந்தப் பையைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகப் பயம் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் வைப்பதில்லை. வைத்தாலும் பலருக்குச் சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள். பேத்தியை மகாத்மா காந்தி கலாசாலையில் கொண்டுபோய் விடும் வேலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று கோப்பிக் கடையில் யாரோ சொன்னார்களாமே. சதை எடுத்துப் பார்த்ததால் குடல் புற்று பரவாது, அண்ணே. அந்தப் பேச்சை நம்பி ஆப்பரேஷனுக்குப் போகாமல் இருந்தவர்களை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறோம். முடிவு தெரியும் வரை யார் கொடுக்கும் கஷாயமும் வேண்டாம். ரத்தம் அதிகமாகப் போனாலோ, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் வாந்தி வந்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ வியாழக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் எனக்கு அடியுங்கள், எமர்ஜென்சிக்குப் போய்விடலாம்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு உங்கள் வாசலில் ஹாரன் அடிப்பேன். டாக்டர் முதல் வார்த்தை சொன்னதும் நமக்குக் காது அடைத்துவிடும். அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். மலாயில் சொல்வது புரியாவிட்டால் திரும்பக் கேட்போம். அந்தத் தாளையும் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் அண்ணிக்கு இடம் வைத்திருப்பேன்.

அன்புடன்,
பக்கத்து லயத்துத் தங்கச்சி