பத்தோடு பதினொன்று வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி முதல் வாரம் உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், புத்தாண்டில் அம்மாக்கள் எடுக்க வேண்டிய பத்துத் தீர்மானங்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. விடியற்காலை நடை, மாடித்தோட்டம், தினமும் பிள்ளைகளுக்கு ஒரு கதை, வாரத்தில் இரண்டு நாள் சிறுதானியம், வரவு செலவு நோட்டு. படித்து முடிப்பதற்குள்ளேயே எனக்குக் கால் வலித்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தும் கூட்டல் கணக்காகவே இருக்கிறது. ஒன்றையாவது கழிக்கச் சொல்லியிருக்கலாம். இந்த வருஷம் எங்கள் வீட்டில் நான் கழித்துப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அயனாவரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. மாமியார் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து எங்களோடு வந்து எட்டு வருஷம் ஆகிறது. சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். டிசம்பர் என்றால் என் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. இருபத்து நான்காம் தேதி ராத்திரி வரை மற்றவர்களின் கிறிஸ்துமஸ் துணியைத் தைத்துவிட்டு, கடைசியாகத்தான் என் மகளின் பாவாடைக்கு ஓரம் அடிப்பேன். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து முந்திரிக்கொத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பார். அப்புறம் ஒரே வாரத்தில் வருஷம் முடிந்துவிடும்.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி ஆராதனைக்குப் போவோம். பதினொன்றுக்குத் தொடங்கி, பன்னிரண்டு அடிக்கும்போது முழங்காலில் இருப்போம். வெளியே பட்டாசும் பைக் சத்தமுமாக இருக்கும். முடிந்து வரும்போது வாசலில் ஒரு தட்டில், வருஷத்துக்கு என்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். என் மகன் எப்போதும் விரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, நீளமான வசனமாக இருந்தால் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பான். சர்ச்சில் அதற்கு மனப்பாடப் போட்டி உண்டு என்பது அவனுடைய கவலை. நான் எடுத்த அட்டைகளெல்லாம் மெஷின் டிராயரில், பாபின்களோடு கிடக்கின்றன. ஆசீர்வாதம், சமாதானம், நிறைவு. நல்ல வசனங்கள்தான். நாக்கை அடக்கச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் மட்டும் அந்தத் தட்டில் இதுவரை என் கைக்கு வந்ததில்லை. வந்திருக்க வேண்டியது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். அத்தை ஒரு கீர்த்தனை எடுத்துக் கொடுப்பார், ஒரு அதிகாரம் வாசிப்போம், நான் ஜெபிப்பேன். போன டிசம்பரில் மகள் அரையாண்டுத் தேர்வுக் கணக்கில் 41 வாங்கினாள். அன்று ராத்திரி நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, போனை நோண்டிக்கொண்டு நேரத்தை வீணாக்குகிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும், பெரியவர்கள் சொல்லுகிறதைக் கேட்கிற காதைத் தாரும்" என்று உருக்கமாக வேண்டினேன். ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, நீங்க ஜெபம் பண்ணல. கண்ணை மூடிக்கிட்டு என்னைத் திட்டுறீங்க. அதுக்கு நான் ஆமென் வேற சொல்லணும்."

எனக்கு வந்த கோபத்தில், எபேசியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசி என்றேன். பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று தொடங்கும் அதிகாரம். அம்மாக்களுக்கு ரொம்பப் பிடித்த அதிகாரம். அவள் முதல் மூன்று வசனங்களை வாசித்தாள். நான் போதும் என்பதற்குள் நான்காவதையும் வாசித்துவிட்டாள். பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் என்று வரும் வசனம். அதுவரை பாயில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து, "அது எனக்கா?" என்றார். அத்தை சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் மூன்றாம் வசனத்தோடு புத்தகத்தை மூடியது நான்தானே.

சரி, முதல் கழித்தல் அது. ஜெபத்தில் திட்டுவது இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாராவது ஜெபத்துக்குள் அறிவுரையை நுழைத்தால் கேட்கிறவர்கள் ஒரு தரம் இருமலாம் என்று மகன் சட்டம் போட்டான். ஜனவரி மாதத்தில் இதுவரை எனக்கு நான்கு இருமல் விழுந்திருக்கிறது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளத் தொடங்கினாலே வாய் தானாகப் புகார்ப் பக்கம் சாய்கிறது. எவ்வளவு பழகிப்போயிருக்கிறது என்று எனக்கே ஆச்சரியம்.

இரண்டாவது கழித்தல், பைபிள் வாசிப்பு அட்டவணை. சிரிக்காதீர்கள். போகிக்கு முன்னால் பரணை ஒதுக்கினேன், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காக. அங்கே ஆறு வருஷத்து அட்டவணைகள் கிடைத்தன. பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். ஜாக்கெட்டில் பிரித்துக்கொள்ள உள்ளே துணி விடுவோமே, அதுபோலப் பத்து அதிகாரத்துக்கு இடமும் மிஞ்சும். கணக்கில் குறையே இல்லை. ஆனால் ஆறு அட்டவணைகளிலும் டிக் அடித்த கட்டங்கள் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தன: ஜனவரி கடைசி, லேவியராகமம். ஆதியாகமமும் யாத்திராகமமும் கதையாக ஓடிவிடும். பலிகளின் விவரமும் குஷ்டத்தின் அடையாளங்களும் வந்ததும் ஒரு நாள் விடுபடும், மறுநாள் ஆறு அதிகாரம், அதற்கு மறுநாள் ஒன்பது. கடன் மாதிரிதான். வட்டி ஏற ஏற கடன்காரரைப் பார்க்காமல் ஒதுங்கிப் போவோமே, அப்படி நான் புத்தகத்தைப் பார்க்காமல் ஒதுங்கியிருக்கிறேன்.

இந்த வருஷம் அட்டவணை கிடையாது. பைபிளில் நீதிமொழிகள் என்ற புத்தகத்தில் 31 அதிகாரங்கள். இன்று என்ன தேதியோ அந்த அதிகாரம். நேற்று விட்டுப்போனால் போனதுதான், துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, அடுத்த மாதம் அதே தேதியில் அது தானே வந்து நிற்கும். பிப்ரவரியில் மூன்று அதிகாரம் குறையும், குறையட்டும்.

பொங்கலன்று பதினைந்தாம் அதிகாரம். எதிர்வீட்டிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கல் இன்னும் சூடாக இருந்தது. மகன் முதல் வசனத்தை வாசித்தான். "மெதுவான பிரதியுத்தரம்" என்று இரண்டு முறை தடுக்கிவிட்டு, "பிரதியுத்தரம்னா என்னம்மா?" என்றான். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை. நாங்கள் வாசிப்பது 1871இல் அச்சான மொழிபெயர்ப்பு. அதற்கும் முன்னால் நம்முடைய வேப்பேரியிலேயே இருந்து ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பை ஒட்டி வந்தது. எனக்கும் அத்தைக்கும் அந்தத் தமிழ் நாக்கில் ஊறிவிட்டது, மாற்ற மனம் வராது. பிள்ளைகளுக்கு அது பூட்டிய அலமாரி. எதிர்வீட்டு அக்கா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அவர்களிடம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதைக் கடன் வாங்கி வந்தேன். "கனிவான மறுமொழி" என்றிருந்தது. மகன் தலையாட்டினான். அத்தைதான், "அது ஆர்.சி.க்காரங்க வேதம்லா" என்று முகத்தைச் சுளித்தார். இப்போது பிள்ளைகள் அதில் வாசிக்கிறார்கள், அத்தை தம்முடையதைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை சரிபார்க்கிறார். முன்பெல்லாம் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

அந்த அக்கா சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அவர்கள் சபையில் ஜனவரி ஒன்றாம் தேதி மரியா இறைவனின் தாய் பெருவிழாவாம். வருஷத்தின் முதல் நாளே ஓர் அம்மாவுக்கு. "என்ன பிரயோஜனம், அன்னைக்கும் நான்தான் எல்லாருக்கும் பிரியாணி கிண்டினேன்" என்றார்.

மூன்றாவது கழித்தலைச் சொல்ல, போன செப்டம்பருக்குப் போக வேண்டும். மாடிப்படியில் மழைத்தண்ணீர். துணி எடுக்க ஏறியவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆறு வாரக் கட்டு. தைக்க வாங்கி வைத்திருந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். அழுகையாக வந்தது. வீட்டிலோ, நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் ரசம் வைத்தார். முதல் வாரம் புளித்தண்ணீர் மாதிரி இருந்தது, மூன்றாவது வாரம் ரசமாகிவிட்டது. மகன் துணி காயப்போட்டான். மகள் காலையில் தோசை ஊற்றினாள். கட்டைப் பிரித்த அன்றே நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள், இந்த வீட்டில் எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புலம்பத் தொடங்கினேன்.

ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் சர்ச்சில் உடன்படிக்கை ஆராதனை, ஆண்டவருக்கு எங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கிற ஆராதனை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய வழக்கம் இது. 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில், கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, மெதடிஸ்ட்காரர்கள் கொண்டுவந்த சீதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜெபத்தில், உமக்காக வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற பொருளில் ஒரு இடம் வரும். வருஷா வருஷம் அதைச் சொல்கிறேன். இந்த முறை அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். ஒதுக்கி வைத்த ஆறு வாரமும் வீடு ஓடியதே, நான் ஏன் அதைத் திரும்பக் கெடுத்தேன் என்றுதான் தோன்றியது.

அன்று மதியமே சொல்லிவிட்டேன். ராத்திரிச் சமையல் அவருடையது, ஷிஃப்ட் இல்லாத நாட்களில். துணி மகனுடையது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சர்ச்சுக்குப் போய்வந்த பிறகுதான், முன்னால் இல்லை. இந்தக் கடைசி ஒன்றை மற்ற அம்மாக்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டில் வாரம் முழுவதும் விழாத சத்தம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு விழும். குக்கரில் கறி, இஸ்திரி போடாத சட்டை, காணாமல் போன ஒரு சாக்ஸ். அத்தனை பேரையும் திட்டித் தீர்த்துவிட்டு, கீழே இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்வோம். இப்போது சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். பசிக்கிறது, உண்மை. வீட்டில் வாழைப்பழம் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மகள் கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். வீட்டுக்காரர் ரசம் தாளித்தால் அடுப்பு மேடை முழுக்கக் கடுகு. அதைத் துடைக்கும்போது எனக்கு வாய் அரிக்கிறது. இன்னொன்று. 31ஆம் தேதி நீதிமொழிகளில் குணசாலியான ஸ்திரீயின் அதிகாரம் வரும். அவள் இருட்டோடே எழுந்திருந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள் என்பதை எத்தனையோ அன்னையர் தினப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அதே வசனத்தில், தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள் என்றும் இருக்கிறது. அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள். அதை அழுத்திச் சொன்ன பிரசங்கியாரை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்று ராத்திரி அந்த வசனத்தை நானே வாசிப்பதாக இருக்கிறேன், இரண்டு முறை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த டிசம்பரில் புத்தாண்டுத் தீர்மானங்கள் போடும்போது அப்பாக்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்து வேண்டாம், மூன்று போதும். இதை எழுதப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மகளிர் பக்கத்தில் போட்டால் நான் எங்கே பார்க்கப்போகிறேன்? விளையாட்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போடச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
அயனாவரம், சென்னை – 23.
(பெயர் போட வேண்டாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், 41 மதிப்பெண்ணை எழுத மட்டும் அனுமதி வாங்கிவிட்டேன்.)