கேமராவுக்குக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி

ஸ்கார்பரோ, டொரோண்டோ
ஐப்பசி மாசம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கறது. இங்க நாங்க மூணு பேரும் சௌக்கியம். அங்க அம்மா, ஆயா, அண்ணி, பசங்க எல்லாரும் நலம்னு நம்பறேன். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல பெரிய நிம்மதி. போன்ல பேசினா பாதி நேரம் ஆயா "சாப்ட்டியா, இன்னா சாப்ட்ட"ன்னு கேக்கறதுலயே போயிடுது, மீதி நேரம் குட்டிப் பசங்க பிடுங்கிக்கறாங்க. அதான் உட்கார்ந்து எழுதறேன். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. கடன் பத்தி வர்ற இடத்தை மட்டும் தாண்டிடுங்க.

நீங்க கேட்டதுக்கே நேரா வர்றேன். உங்க நிக்கான் டி750 கேமராவை வித்துட்டு, உள்ள கண்ணாடி இல்லாத புது ரகமான சோனி மிரர்லெஸ் கேமராவைத் தவணையில எடுக்கலாமா, கனடாவுல எல்லாரும் இன்னா வச்சிருக்காங்கன்னு கேட்டிருந்தீங்க. என் பதில், இப்போதைக்கு வேணாம். ஏன்னு புரியணும்னா இங்க என் பொழப்பு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லணும்.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரு கிடங்குல பொட்டி அடுக்கற வேலை. வெள்ளி ராத்திரி கேமராப் பையை எடுத்தா ஞாயித்துக்கிழமை நடுராத்திரிதான் கீழ வைப்பேன். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர்கிட்ட ரெண்டாவது போட்டோகிராபரா போறேன். எல்லாரும் அவரை அண்ணைன்னு கூப்பிடறாங்க, நானும் அப்படித்தான். கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், பிறந்தநாள்னு வரும். சாமத்திய வீடுன்னா நம்ம மஞ்சள் நீராட்டுதான். ஆனா பல்லக்கு, டான்ஸ், மூணு நாலு புடவை மாத்தறதுன்னு, நம்மூர் ரிசப்ஷனைத் தூக்கிச் சாப்பிடும். அந்தச் சின்னப் பொண்ணு முகத்தைப் பாத்தா பாவமா இருக்கும், எப்படா முடியும்னு நிக்கும். நான் போஸ் கேக்கறதைக் குறைச்சுக்கறேன்.

நம்மூர்ல ஆடியும் மார்கழியும் ஸ்டூடியோவுல ஈ ஓட்டுவோம். இங்க ஓட்டமே மே கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும்தான். இந்த ஆடி பாருங்க, நல்ல கோடையில வந்து விழுது. அந்த வாரங்கள்ல நம்ம சனம் முகூர்த்தம் வைக்கத் தயங்குவாங்க. நாங்க பிராம்ப்டன் பக்கம் பஞ்சாபிக் கல்யாணத்துக்குப் போயிடுவோம். அது நாலஞ்சு நாள் நடக்கும், ஆட்டம் நிக்காது, கால் போயிடும்.

வெளிச்சம்தான் எனக்கு இங்க புதுசா கத்துக்க வேண்டியதா இருந்தது. வேலூர் வெயில்ல வளர்ந்தவன் நான். காலைல ஒன்பது மணிக்கு மேல வெளியில ஜோடியை நிறுத்தினா கண்ணு கீழ கறுப்பு நிழல் விழும்னு அப்பா திட்டுவாரே, அந்தப் பயம் இன்னும் போகல. இங்க ஜூன் கடைசியில சூரியன் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இறங்குது. நல்ல மஞ்ச வெளிச்சம் வர்ற நேரத்துக்கு உள்ள சாப்பாடு பரிமாறிக்கிட்டிருப்பாங்க. ஜோடியைப் பந்தியில இருந்து கிளப்பி கால் மணி நேரம் வெளிய கூட்டிட்டு வர்றதுக்குள்ள மாமியார், மாமனார், கேட்டரிங்காரர்னு மூணு பேர்கிட்ட அனுமதி வாங்கணும். டிசம்பர்ல நேர்மாறு, அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும்.

கரண்ட் விஷயம் ஒண்ணு, இது உங்களுக்குப் பிடிக்கும். நம்மூர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சார்ஜருக்கு அதனால ஒண்ணும் ஆகாது, 100-240ன்னு அதுலயே போட்டிருக்கும், பின் மட்டும் மாத்தணும். ஆனா மண்டபத்து லைட் அந்த ஹெர்ட்ஸுக்குத் தக்கபடி துடிக்கறதால, அதுக்குக் கீழ ஷட்டர் கணக்கே மாறுது. அங்க 1/50, 1/100 செகண்டுல பழகின கை, இங்க 1/60, 1/125-க்குப் போகணும். இல்லேன்னா வீடியோவுல லைட் துடிக்கும், போட்டோவுல பட்டை விழும். சத்தமே வராத ஷட்டர்னு மிரர்லெஸ் விளம்பரத்துல சொல்றாங்களே, தவணையில வாங்கற விலைக்கு வர்ற கேமரா பாடியில அந்த எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு எல்இடி கீழ எடுத்துப் பாருங்க. பொண்ணு முகத்துல வரி வரியா கோடு ஓடும். கண்ணைத் தேடிப் பிடிக்கற ஃபோகஸ் மட்டும் நிஜமாவே அற்புதம், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

இங்க பெரிய மண்டபங்கள்ல கூரையைக் கறுப்பா அடிச்சு, உயரமா வச்சிருக்காங்க. நம்ம குடியாத்தத்து மண்டபம் மாதிரி வெள்ளைக் கூரையைப் பாத்து பிளாஷைத் திருப்பி அடிச்சோம், வேலை முடிஞ்சதுன்னு இருக்க முடியாது. அடிக்கற வெளிச்சம் மேல போய் காணாமப் போயிடும். அதுக்கும் மேல சுவரெல்லாம் ஊதா லைட். அதனால ஹால் மூலையில ரெண்டு ஸ்டாண்ட் போட்டு, ரெண்டு பிளாஷைக் கட்டி, கேமரா மேல இருக்கற ட்ரிக்கர்ல இருந்து ரேடியோவுல அடிக்கறோம். கேமரா பத்து வருஷம் பழசா இருந்தாலும் இந்த ரெண்டு பிளாஷ் இருந்தா படம் நிக்கும். புது பாடி இருந்து பிளாஷ் இல்லேன்னா முகம் ஊதாவா வரும். அண்ணை வச்சிருக்கற ஒரு பாடி உங்க டி750-ஐ விடப் பழசு.

தாலி கட்டற நேரத்தைச் சொல்றேன். நம்மூர்ல மணவறை மேலயே ஏறி நிப்போம். "ஐயரே ஒரு நிமிஷம், மாப்பிள்ளை அப்படியே புடிச்சிகினு இங்க பாருங்க"ன்னு கெட்டி மேளத்தையே நிறுத்தி வச்ச ஆளுங்க நாம. இங்க நிறுத்தக் கூடாதுன்னு அண்ணை மொத நாளே சொல்லிட்டார். யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட மஞ்சக் கயிறு அதிகம் கிடையாது. பெரும்பாலும் கனமான தங்கத் தாலிக் கொடிதான். அதை முடிச்சுப் போடறதில்ல, கழுத்துக்குப் பின்னாடி பூட்டறாங்க. முன்னாடி நின்னா மாப்பிள்ளை முழங்கையும் மாலையும்தான் தெரியும். நான் பொண்ணுக்குப் பின்னாடி, ஐயருக்கு இடைஞ்சல் இல்லாம மண்டி போட்டு, 35 எம்எம் லென்ஸை மாட்டிட்டு உட்கார்ந்துக்கறேன். போன மாசம் ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு விரல் வேர்த்து பூட்டு வழுக்கிக்கிட்டே இருந்தது. பூச்சரத்தை ஒதுக்கி, ஜடையை மேல தூக்கிப் பிடிச்சு, அக்காக்காரி குனிஞ்சு வழி சொல்றா. மூணு ஜோடிக் கை பொண்ணோட பிடரி மேல. சுத்தி நின்னவங்க அறுகரிசியை, அதான் நம்ம அட்சதையை, முன்னாடியே போட ஆரம்பிச்சிட்டாங்க, அது கை மேல, ஜடை மேல, என் லென்ஸ் மேலன்னு விழுது. அந்த ஒரு படத்தைத்தான் அந்த வீட்டுல பெருசு பண்ணி மாட்டியிருக்காங்களாம். மேடையில வரிசையா நிக்க வச்சு நாள் முழுக்க எடுத்தது எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல தூங்குது.

அப்பாவோட யாஷிகாவுல 120 ரோல் போட்டா பன்னெண்டு படம்தான். பதினோராவது படத்தோட நிறுத்தி, தாலிக்கு முன்னாடி புது ரோல் மாத்திடுவார், ஞாபகம் இருக்கா? ஒரு படம் வீணாப் போனாலும் பரவாயில்லைன்னு. அந்தப் பழக்கம் இங்க வேற உருவத்துல இருக்கு. ரெண்டு கார்டு போடற பாடி இல்லாம அண்ணை யாரையும் வேலைக்கு எடுக்கறதில்ல. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்துல ரெண்டு கார்டுலயும் விழணும். மண்டபத்தை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கார்டு அவர் சட்டைப்பைக்குப் போயிடும், இன்னொண்ணு என் பையில. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகமாட்டோம். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு டிஸ்க்ல காப்பி, மூணாவது வேற இடத்துல. இது முடியற வரைக்கும் கார்டை அழிக்கறதுங்கற பேச்சே இல்ல. உங்க டி750-லயே ரெண்டு எஸ்டி கார்டு இடம் இருக்கு அண்ணா. மெனுவுல ரெண்டாவது கார்டு என்ன செய்யணும்னு கேக்கும். நீங்க 'ஓவர்ஃப்ளோ'ல வச்சிருக்கீங்க, அதாவது ஒண்ணு நிறைஞ்சா அடுத்தது. அதை 'பேக்கப்'னு மாத்துங்க, இன்னிக்கே. காசு செலவு இல்லாத விஷயம் இது.

பேப்பர் வேலைதான் இங்க பாதிப் பொழப்பு. முன்பணம் கைக்கு வராம தேதியை எழுதறதில்ல. எத்தனை மணிக்கு வருவோம், எப்போ கிளம்புவோம், எத்தனை படம், எப்போ தருவோம், எங்களுக்குச் சாப்பாடு உண்டா, எல்லாம் எழுத்துல. ஆமா, சாப்பாடும் ஒப்பந்தத்துல ஒரு வரி! ஆம்பூர்ல நிக்காஹ்னா "மொதல்ல நீங்க சாப்டுங்க பாய்"னு பிரியாணித் தட்டை நம்ம கையில கொடுத்துட்டுத்தான் கேமராவையே தொட விடுவாங்களே, அதை நினைச்சுக்குவேன். இங்க ஓரமா ஒரு ரூம்ல டப்பா வரும். தமிழ் வீடுகள்ல மட்டும் யாராவது ஒரு அம்மா வந்து "தம்பி சாப்பிட்டீங்களோ"ன்னு கேட்டு இழுத்துட்டுப் போயிடுவாங்க.

அது போக இன்சூரன்ஸ். நம்ம லைட் ஸ்டாண்ட் சாய்ஞ்சு யார் தலையிலயாவது விழுந்தா யார் பொறுப்புன்னு, 20 லட்சம் டாலருக்குப் பாலிசிக் காகிதம் காட்டினாத்தான் சில மண்டபத்துல உள்ளயே விடறாங்க. ட்ரோன் 250 கிராமைத் தாண்டினா அரசாங்கத்துல பதிஞ்சு, பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கணும். வரவு வருஷத்துக்கு 30,000 டாலரைத் தாண்டினா விற்பனை வரிக்குப் பதியணும், எங்க ஒண்டாரியோ மாகாணத்துல அது 13 சதவீதம், பில்லுல தனியாப் போட்டு வாங்கிக் கட்டணும்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். நாம எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? நம்ம நாட்டு 1957 காப்பிரைட் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவங்களுக்கு, வேற மாதிரி எழுதி வைக்காத வரைக்கும். இங்கயும் அப்படித்தான் இருந்ததாம். 2012-ல சட்டத்தை மாத்தி எடுத்தவனுக்கே கொடுத்துட்டாங்க. கல்யாண வீட்டுக்காரங்க தங்களுக்காக வச்சுக்கலாம், பிரிண்ட் போடலாம், வியாபாரத்துக்கு மட்டும் கூடாது. நம்ம பஜார்ல ஒரு நகைக்கடை நீங்க எடுத்த பொண்ணு படத்தைக் கேக்காம பேனர்ல போட்டதே, அதுக்கு நீங்க ரெண்டு நாள் சாப்பிடாம கோபமா இருந்தீங்க. இனிமே ரசீதுக்குப் பின்னாடி ரெண்டு வரி அச்சடிச்சு, கையெழுத்து வாங்கிக்குங்க. சண்டை போடறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு ஒரு காகிதம் வேணும்.

குளிரைப் பத்தி அம்மா கவலைப்படுவாங்க, அதனால சுருக்கமா. ஜனவரியில மைனஸ் பதினஞ்சு கூடப் போகும். பேட்டரி பாதியிலயே செத்துடும், அதைச் சட்டைக்கு உள்பக்கம் உடம்புச் சூட்டுல வச்சிருந்து மாத்தி மாத்திப் போடுவேன். வெளிய எடுத்துட்டு நேரா மண்டபத்துக்குள்ள போனா லென்ஸ் முழுக்க வேர்த்துடும். கேமராவைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி மூடி, அது சூடாகற வரைக்கும் திறக்காம இருக்கணும். பனியில எடுத்தா மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்புக்கு மேல, அதாவது ரெண்டு மடங்குக்கு மேல, ஏத்தி வைக்கணும். நம்ம நிறத்து முகத்துக்கு இன்னும் கவனம் வேணும், இல்லேன்னா முகம் கரிக்கட்டை. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து வண்டியை ஓட்டறா. நான் இன்னும் பனியில ஓட்டப் பழகல. அம்மாகிட்ட இவள்தான் ஓட்டறான்னு சொல்லுங்க, தைரியமா இருப்பாங்க.

இப்போ கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து மூவாயிரம் நாலாயிரம் படம் எடுத்துடுவோம். அதுல கழிச்சு, கலர் பாத்து, ஆல்பம் போடறதுக்குள்ள சீசன் முடிஞ்சு பனி கொட்ட ஆரம்பிச்சிடும். அண்ணைக்கு ஆல்பம் டிசைன் பாக்க இங்க ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் மணிக்கணக்கு கட்டுப்படியாகல. கம்ப்யூட்டர்ல பக்கம் பக்கமா டிசைன் பண்ணி அச்சடிக்கற கரிஸ்மா ஆல்பத்துல உங்க கை எப்படின்னு எனக்குத் தெரியும். வள்ளிமலையில நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் பக்கத்துக்கு ரெண்டே படம் வச்சு, வெறும் இடம் விட்டுப் போட்டீங்களே, அதை அண்ணைகிட்ட போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "இவர் ஆர்?"ன்னு கேட்டார். பொண்ணு தலைக்குப் பின்னாடி தாஜ்மகாலும் ஊட்டி ரோஜாவும் ஒட்டற டிசைன் மட்டும் இங்க எடுபடாது, அதை அங்கயே வச்சுக்குங்க.

அதனால தவணைக்குக் கட்டற காசை ஒரு நல்ல கம்ப்யூட்டர்லயும், கலர் சரியாத் தெரியற மானிட்டர்லயும் போடுங்க. மீதியில பழைய பிளாஷ் ஒண்ணு, ட்ரிக்கர் ஒரு செட். மார்கழியில அங்க வேலை இல்லாத நேரம் இங்க ஆல்பத்துக்கு நெருக்கற நேரம். பசங்க பரீட்சைக்குப் படிக்கறப்ப நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து செய்யலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு பேரணாம்பட்டுல இருந்து பைக்ல வர வேண்டியதில்ல.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தோட படங்களை லிங்க்ல அனுப்பறேன். வீட்டுக்காரங்க சம்மதம் வாங்கியாச்சு, ஆனா வெளிய யாருக்கும் காட்டக் கூடாது, அண்ணிக்குக் கூட முடிஞ்சதும்தான். முப்பது பக்கம், 12க்கு 36 இன்ச் சைஸ். ஒரு மாதிரி போட்டு அனுப்புங்க. பக்கத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே எழுதுங்க. தம்பி வாங்கிக் கொடுத்த வேலைன்னு குறைச்சுச் சொல்லிடாதீங்க, அதை அண்ணையே நம்பமாட்டார்.

ஆயா கண்ணுல மருந்து விடற நேரத்தை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்க.

உங்கள் தம்பி