பழைய எபிரேய நூல்களை மறுபதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஆர்டர் வந்த பிறகே ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்பும் உங்கள் தொழிலால் எங்களைப் போன்ற வாசகர்களுக்கு விளைந்த நன்மை பெரிது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எபிரேயம் படிப்பவருக்கு, இறையியல் கல்லூரி நூலகங்களை விட்டால் ரபிகள் என்னும் யூத மறை அறிஞர்களின் பழைய உரைகளைக் கண்ணால் காண வேறு வழியில்லை. ஹீப்ரூபுக்ஸ் தளத்தில் 60,000-க்கும் மேற்பட்ட நூல்கள் ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் ஒரு பக்கத்தைத் திரையில் படித்துப் பாருங்கள். நடுவில் மூலம், ஒருபுறம் 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் எழுதிய தோசஃபோத் உரைகள், ஓரங்களில் பொடி எழுத்தில் ஒப்புநோக்குக் குறிப்புகள். பெரிதாக்கினால் உரை மறைகிறது, சிறிதாக்கினால் எழுத்து மறைகிறது. காகிதம்தான் தோது என்று உங்களிடம் வருகிறோம்.

அப்படி வந்த ஒரு தொகுதி எனக்கு இடப்பக்கம் பைண்ட் செய்யப்பட்டு வந்தது. வலமிருந்து இடம் செல்லும் மொழிக்கு நூலின் முதுகு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்று சரியான பக்கத்தில் பைண்ட் ஆகியிருந்தது, ஆனால் உள்மார்ஜின் போதவில்லை. பெரும்பாலான தல்மூத் மறுபதிப்புகளுக்கு மூலமான வில்னா பதிப்பில் ராஷி எப்போதும் பைண்டிங்கை ஒட்டிய பக்கம்தான் வருவார். மசோரெத் ஹாஷாஸ் என்ற ஒப்புநோக்குக் குறிப்புகள் அதற்கும் உள்ளே இருக்கும். முதுகு உடையும் அளவுக்கு விரித்தும் அந்தக் குறிப்புகள் தெரியவில்லை, ராஷியின் வரிகளில் முதல் சொற்களும் மடிப்புக்குள் போய்விட்டன. ராஷி இல்லாமல் தல்மூதைத் தொடங்கும் மாணவர் இல்லை. அவர் துணையைப் பறித்துவிட்டு நூலை மட்டும் கொடுத்து என்ன பயன்?

கருப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கேன் செய்வது இதைவிடப் பெரிய கேடு. எபிரேயத்தில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் நிற்கும் புள்ளிகள். ஒரு புள்ளி ஹிரிக், இரண்டு புள்ளி ட்சேரே, மூன்று புள்ளி செகோல். காகிதத்தின் கறையும் புள்ளியும் ஒன்றாகிவிட்டால் ஒலியே மாறும். தாலெத், ரேஷ் என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் உள்ள வேறுபாடு மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நுனி. உபாகமம் 6:4-இல் 'ஆண்டவர் ஒருவரே' என்னும் இடத்தில் அந்த நுனி தேய்ந்தால் 'வேறொருவர்' என்றாகிவிடும். இந்தப் பிழை நேரக்கூடாது என்றுதான் மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோரா சுருளை எழுதுவோர் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்பது பழைய விளக்கம். கையால் எழுதுபவர் காட்டும் இந்தக் கவனத்தில் ஒரு பங்கையாவது உங்கள் ஸ்கேனரிடம் எதிர்பார்க்கிறேன்.

தலைப்புப் பக்கத்திலும் இதே கதைதான். பல நூல்களில் அச்சான ஆண்டு எண்ணாக இருக்காது. ஒரு வேதவசனத்தில் சில எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அவற்றின் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வரும். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுப் பளபளப்பான புது அட்டை போட்டால், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்றே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

பிழையான பிரதியைத் திருப்பி அனுப்பினால் பணம் தந்துவிடுகிறீர்கள். மற்ற நூல்களுக்கு அது போதும். ஆனால் இறைப்பெயர் அச்சான தாளை அழிப்பதோ கூழாக்குவதோ யூத நெறியில் கூடாது. பழுதான தாள்களைக் கெனிசா என்னும் சேமிப்பறையில் சேர்த்து வைத்துப் பிறகு அடக்கம் செய்வார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் அப்படிச் சேர்ந்த தாள்களைத்தான் 1896-97 வாக்கில் எபிரேய அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். நீங்கள் கவனக்குறைவாக அச்சிடும் ஒவ்வொரு பிரதியும், அதை வாங்கும் பக்தர் தலையில் ஓர் அடக்கப் பொறுப்பை ஏற்றுகிறது. நான் யூதன் அல்லன். ஆனாலும் ஒரு சமூகம் புனிதமாகப் போற்றும் தாள் கழிவுக் காகிதமாவது எனக்கும் உறுத்துகிறது.

ஒளிப்பட மறுபதிப்பே தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியின் அகதி முகாம்களில் நாஜிப் படுகொலையிலிருந்து உயிர்தப்பி இருந்த யூதர்களிடம் தல்மூத் இல்லை. நியூயார்க்கிலிருந்து முழுத் தொகுப்புகளை வரவழைத்து, படமெடுத்து, அமெரிக்க ராணுவத்தின் உதவியோடு ஹைடல்பெர்க்கில் 19 தொகுதிகளாக அச்சிட்டார்கள். காகிதத்துக்கே பஞ்சமான காலம் அது, 1950-இல்தான் பணி முடிந்தது. தலைப்புப் பக்கத்தில் முள்வேலி முகாமையும் இஸ்ரேல் மண்ணின் காட்சியையும் வரைந்து, தங்கள் பதிப்பு எங்கே எப்படிப் பிறந்தது என்பதைப் பதிவு செய்துவிட்டார்கள். அவர்கள் செய்ததும் மறுபதிப்புதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. எபிரேயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு நூலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கச் செய்யுங்கள். தல்மூதின் ஒவ்வொரு பகுதியும் இரண்டாம் தாளில்தான் தொடங்கும், முதல் தாள் விடுபட்டதாக நினைத்துக் குழம்ப வேண்டாம் என்பதை அவர் சொல்வார். பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருக்கும், அதை வெட்டாமல் விட்டால் பக்க வரிசையை யாரும் சரிபார்க்கலாம். சாம்பல் நிற ஸ்கேன் இருக்கும்போது கருப்பு வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். உள்மார்ஜினைத் தாராளமாக விடுங்கள். எந்த நூலகத்துப் பிரதி, எந்த ஊர் அச்சு, எந்த ஆண்டு என்பதோடு, உள்ளே இரண்டு பக்கங்களின் மாதிரியையும் விற்பனைப் பக்கத்தில் காட்டுங்கள்.

கொச்சி யூதர்களுக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பிரார்த்தனை நூல் ஒன்றை அடுத்து வாங்க விரும்புகிறேன். மேலே கேட்ட விவரங்களோடு அதை விற்பனைக்கு வைக்கும் நிறுவனத்துக்கே என் ஆர்டர்.

இப்படிக்கு,
எபிரேயம் படிக்கும் ஒரு தமிழ் வாசகன்