ஆறு வாரக் குழந்தையின் சாட்சி

அன்புள்ள வசந்தி,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. உனக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நாலு பக்கம் போனாலும் திட்டாதே. எனக்கு அதே முழங்கால்தான். வெளியே போக முடியாததால் படிப்பு நிறைய.

பன்னிரண்டு வயதுப் பெண் எப்படி ஊரையே தூக்குக்கு அனுப்பினாள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாயே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளின் பதிவுகளைப் படித்ததில், எனக்கு அவளைவிட அவள் அம்மாதான் மனதில் நிற்கிறாள். இருவருக்கும் ஒரே பெயர், ஆன் பட்னம். அம்மாவின் அக்கா மேரி இறந்தாள், அக்கா பிள்ளைகளும் போனார்கள். அப்புறம் இவளுடைய கைக்குழந்தை சாராவும். அவர்கள் பியூரிட்டன்கள், கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுக்குச் சாவு கடவுளின் சித்தம். அளவுக்கு மீறி அழுதால் அதுவும் குற்றம். அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

1692-இல் இடம் கிடைத்தது. பிணத்துணி சுற்றிய ஆறு குழந்தைகள் தன்முன் வந்து சித்தி என்று கூப்பிட்டதாகச் சாட்சி சொன்னாள். செத்துப்போன அக்காவும் மூன்று பிள்ளைகளோடு வந்து, எங்களைக் கொன்றது அதே ஊர்க் கிழவி ரெபெக்கா நர்ஸ் (நர்ஸ் குடும்பப் பெயர்தான்) என்றாளாம். மகளோ, ஆறு வாரத்தில் இறந்த தங்கை சாரா தன்னிடம் வந்து, சூனியக் குற்றம் சாட்டப்பட்ட ஜான் வில்லார்டைப் பழிவாங்கச் சொல்லி அழுததாகச் சொன்னாள். இங்கே நான் படிப்பதை நிறுத்திவிட்டேன் வசந்தி. அது யாருடைய அழுகை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வாக்குமூலங்கள் அப்பா தாமஸின் கையெழுத்தில் வேறு இருக்கின்றன.

வேறு யார் கண்ணுக்கும் தெரியாத உருவத்தைக் கண்டேன் என்பதையே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. ரெபெக்காவுக்கு 71 வயது. ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றார்கள். சூனியத்தால் பாதிக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டிய பெண்கள் கூச்சலிட்டார்கள், தலைமை நீதிபதி மறுபடி யோசிக்கச் சொன்னார். ரெபெக்கா சொன்ன ஒரு பேச்சுக்கு ஜூரிகள் விளக்கம் கேட்டபோது கிழவி வாய் திறக்கவில்லை. காது சரியாகக் கேட்காது, துக்கமும் நிறைந்திருந்தது என்று பிறகு எழுதிக் கொடுத்தாள். அவளுக்கும் துக்கம்தான், பார். ஜூலை 19-இல் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு தூக்கில் போனவர்கள் மொத்தம் 19 பேர்.

1699-இல் சில நாள் இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் போனார்கள். தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. 1706-இல் தேவாலயத்தில் எழுந்து நின்றாள், போதகர் ஜோசப் கிரீன் அவளுடைய மன்னிப்பை வாசித்தார். விரோதத்தால் செய்யவில்லை, சாத்தான் ஏமாற்றிவிட்டான் என்று அதில் இருக்கிறது. எல்லாப் பழியையும் சாத்தான் மேல் போட்டுவிட்டாளே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான். ஆனால் குற்றம் சாட்டிய பெண்களில் சபைமுன் நின்று இப்படிக் கேட்டது அவள் மட்டும்தான். ரெபெக்காவையும், குற்றம் சாட்டப்பட்ட அவள் தங்கைகள் இருவரையும் குறிப்பிட்டு வருத்தப்படுகிறாள். அப்பாவின் குடும்பத்துக்கு நேர்ந்த துயரம் என்று ஒரு வரி வருகிறது. அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளாமலே 1716-இல் இறந்துபோனாள்.

கட்டுப் பிரித்ததும் எழுது. கண் கூசினால் பேரனிடம் சொல்லி எழுதச் சொல், அவன் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
கமலா